இலையில் எழுந்த நோட்டு

தை மாதம் ஒன்பதாம் தேதி, காவிரியின் வடகரையில் இருக்கும் நெடுங்கரை வாழை ஆராய்ச்சிப் பண்ணையில், மூன்றாம் வயலின் நான்காவது மரத்தில் சுருட்டிய பாயைப்போல நின்றிருந்த குருத்து விடிகிற நேரத்தில் மெல்ல அவிழ்ந்து இலையாக விரிந்தபோது, அதன் வலப்பக்கம் முழுவதும் பண்ணை விஞ்ஞானி டாக்டர் சபேசனின் கையெழுத்து இருந்தது. மையால் எழுதியது அல்ல. இலையின் நரம்பே எழுத்தாக வளைந்து, கரும்பச்சையில் வெளிர்பச்சையாக, மண்ணின் காரத்தன்மை, மழை அளவு, செத்த மரங்கள் என்று வரிசை தப்பாமல் எழுந்திருந்தது. இலை அறுக்க வந்த பெண்கள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, போன வாரம் தெளித்த மருந்து கூடிப்போயிருக்கும் என்று பேசிக்கொண்டு, அறுத்து அடுக்கிச் சாப்பாட்டுக் கூடத்துக்கு அனுப்பிவிட்டார்கள்.

சாப்பாட்டுக் கூடத்தை நடத்துகிற மனோன்மணி அதைக் கழுவி, யார் என்று பார்க்காமல், சரியாக டாக்டர் சபேசன் முன்னாலேயே விரித்தாள். அவர் பொங்கலை வாங்கிக்கொண்ட பிறகுதான் குனிந்து பார்த்தார். பீரோவுக்குள் வைத்துப் பூட்டியிருந்த பச்சை நோட்டின் நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம் பொங்கலுக்கு அடியில் இருந்தது. இடுப்பைத் தடவினார். சாவி இருந்தது.

"யார் இதுக்குள்ள கை வச்சது?" என்று கத்தினார்.

"பொங்கலுக்குள்ளயா சார்? நான்தான், நெய் ஊத்தினேன்" என்றாள் மனோன்மணி.

மூலையில் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒண்டிமுத்துவுக்கு அன்றைக்குப் பொங்கல் வழக்கத்தைவிட ருசியாக இருந்தது. அதற்குக் காரணம் உண்டு.

ஒண்டிமுத்து ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர். முப்பத்துமூன்று வருஷமாகப் பண்ணையில் களப்பணியாளர். வருகிற சித்திரையோடு ஓய்வு. பதினேழு வருஷத்துக்கு முன்னால், பண்ணைக் காவல்காரர் சாமிக்குப் பூ வேண்டும் என்று வரப்போரம் நட்டிருந்த செண்டுமல்லிக்குப் பக்கத்து வாழைகளின் வேரில் மட்டும் புழு அரிக்கவில்லை என்பதைப் பார்த்துவிட்டு, ஓடிப்போய் சபேசனிடம் சொன்னவர் அவர்தான். சபேசன் இரண்டு வருஷம் செண்டுமல்லி நட்டுப் பார்த்து, உண்மைதான் என்று கண்டு, இங்கிலீஷில் கட்டுரை எழுதினார். கட்டுரையில் ஒரு படம் இருந்தது. வாழைக்கன்றை வேரோடு தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒண்டிமுத்து நின்ற படம். அதில் அவரை முழங்கையோடு வெட்டியிருந்தார்கள். கன்று இருந்தது, இரண்டு கை இருந்தது, ஆள் இல்லை. பெயரும் இல்லை.

அன்றிலிருந்து ஒண்டிமுத்து சபேசனின் முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை பேசியது கிடையாது. ஏதாவது கேட்டால் பக்கத்தில் இருக்கிற வாழை மரத்தைப் பார்த்துப் பதில் சொல்வார். "தண்ணி பாஞ்சுடுச்சுன்னு சொல்லு" என்பார் மரத்திடம். போகப்போக சபேசனும் பழகிக்கொண்டு, "நாளைக்கு எட்டாம் வயலுக்கு உரம் வைக்கணும்னு சொல்லிடு" என்று அதே மரத்திடம் சொல்லிவிட்டுப் போக ஆரம்பித்தார். வேலை நடந்தது. பதினைந்து வருஷம் இப்படியே நடந்தது என்றால் யாரும் நம்ப மாட்டார்கள்; ஆனால் கோபத்தை வைத்துக் காப்பாற்றத் தெரிந்தவனுக்கு அது ஒரு காலமே இல்லை.

அந்தக் கட்டுரை வந்த வாரமே ஒண்டிமுத்து கடையில் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கினார். எந்த மரத்தில் எந்த இலை எந்தத் தேதியில் பழுத்தது, தண்டை அறுத்தால் உள்ளே சிவப்புக் கோடு இருந்ததா, எந்த மழைக்கு எங்கே தண்ணீர் நின்றது என்று தினமும் எழுதினார். இனி எதைப் பார்த்தாலும் யாரிடமும் சொல்வதில்லை, எழுதிப் பூட்டுவது என்று முடிவு. மோட்டார் அறையில் இருந்த அவருடைய தகரப்பெட்டிக்குள் இருபத்திரண்டு நோட்டுகள் சேர்ந்திருந்தன.

இனி இலைகள் என்ன ஆயின என்று சொல்ல வேண்டும்.

முதல் வாரம் சபேசனின் நோட்டு மட்டும் வந்தது. இரண்டாம் வாரம் டாக்டர் பியூலாவின் நோட்டும் வந்தது. பியூலா பண்ணைக்கு வந்து மூன்று வருஷம் ஆகிறது. வாடல் நோய்க்குக் காரணமான பூஞ்சையை ஆராய்கிற பெண். ரஸ்தாளி மரங்களை அடியோடு சாய்க்கிற நோய் அது. தொட்டியம் பக்கத்தில் தோப்புத் தோப்பாக அதனால் அழிந்துபோய், ஜனங்கள் ரஸ்தாளியைத் தலைமுழுகிவிட்டு வேறு ரகத்துக்கு மாறிக்கொண்டிருந்தார்கள். சபேசன் குருத்துகளுக்குச் சாக்குப்பை கட்டிப் பார்த்தார், பைக்குள் விரிந்தது. நோட்டை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பூட்டினார், வீட்டிலிருந்தும் வந்தது. இங்கிலீஷில் எழுதினார், இங்கிலீஷில் வந்தது. சுருக்கெழுத்தாக, தனக்கு மட்டும் புரிகிறமாதிரி எழுதினார்; இலை அதை விரித்து எல்லாருக்கும் புரிகிறமாதிரி எழுதியது.

பண்ணையில் மிஞ்சுகிற இலைகளை எடுக்கிற வியாபாரி ரஹமத்துல்லா முதலில் தயங்கினார். எழுத்து இருந்தால் கறை என்று கழிப்பார்கள் என்றார். ஆனால் திருச்சியில் ஓட்டல்காரர்கள் ஒன்றும் சொல்லவில்லை. காத்திருக்கிற நேரத்தில் வாடிக்கையாளர்களுக்குப் படிக்க ஏதாவது இருப்பது நல்லது என்றார்கள். கரூரில் ஒரு கல்யாணத்தில், பந்தியில் எதிரெதிரே உட்கார்ந்திருந்த இரண்டு சம்பந்திகள் முகூர்த்தத்திலிருந்து பேசாமல் இருந்தவர்கள், ஒருவர் இலையில் பரிசோதனையின் ஆறாம் வாரமும் அடுத்தவர் இலையில் ஏழாம் வாரமும் இருந்ததால், ஆறாம் வாரத்தில் நன்றாக இருந்த மரம் ஏழாம் வாரத்தில் எப்படிச் சாய்ந்தது என்று பேச ஆரம்பித்து, ரசம் வருவதற்குள் சமாதானமாகிவிட்டார்கள். ரசம் ஊற்றுகிறவர்கள், எண்கள் நனையாமல் ஓரமாக ஊற்றப் பழகினார்கள். குழந்தைகள் வாய்ப்பாட்டுக்குப் பதில் இலையைப் படித்தன. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர், "நெடுங்கரையில் மூணாம் வயல் தேறிடுமா?" என்று தெரியாதவரிடம் கேட்பது சாதாரணமாகிவிட்டது.

மாதம் முடிவதற்குள் பியூலா ஒரு நாள் சாப்பாட்டின் நடுவில் கையை எடுத்துவிட்டாள். முன்னால் இருந்த இலையில் சபேசனின் நான்கு வருஷத்துக்கு முந்தைய பக்கம் இருந்தது. சுண்ணாம்புக் கரைசலை வேரில் ஊற்றிப் பார்த்து, பலனில்லை என்று கைவிட்ட பக்கம்.

"சார், இதைத்தான் நான் ரெண்டு வருஷமா தொட்டியில செஞ்சுக்கிட்டிருக்கேன்."

"தெரியாதே எனக்கு" என்றார் சபேசன்.

"நமக்கு நடுவுல ஒரு சுவர்தான் சார் இருக்கு. நீங்க இருமினாக்கூட எனக்குக் கேக்குது."

"தோத்துப்போனதை யாராவது தமுக்கு அடிச்சுச் சொல்லுவாங்களா?"

"சொல்லியிருந்தா எனக்கு ரெண்டு வருஷம் மிச்சம்" என்றாள் பியூலா. அழப்போகிறாள் என்று எல்லாரும் நினைத்தார்கள். சிரித்துவிட்டாள். சிரித்துக்கொண்டே எழுந்துபோய்த் தன் நோட்டுகளை எல்லாம் கொண்டுவந்து சாப்பாட்டுக் கூடத்து மேசையில், ஊறுகாய் ஜாடிக்குப் பக்கத்தில் வைத்தாள். யார் வேண்டுமானாலும் பார்க்கட்டும் என்றாள். மறுநாள் முதல் அவளுடைய எழுத்து இலையில் வருவது நின்றுபோனது. அப்போதுதான் பண்ணைக்கு விஷயம் புரிந்தது. பூட்டி வைத்தது மட்டும்தான் இலையில் வருகிறது.

பியூலா அதோடு நிற்கவில்லை. மேசையில் வைத்ததை எல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றி, உலகத்தில் யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கலாம் என்று திறந்துவிட்டாள். இலையில் வந்த சபேசனின் பக்கங்களையும், எப்படியும் திருச்சி முழுக்கச் சாப்பிட்டாயிற்றே என்று, அவரிடம் கேட்டுக்கொண்டு ஏற்றினாள். எட்டாம் நாள் கொச்சியிலிருந்து ஒரு கல்லூரி வாத்தியார் எழுதினார்: பதினான்காம் அட்டவணையில் தசமப்புள்ளி ஓரிடம் தள்ளி விழுந்திருக்கிறது, பாருங்கள். விழுந்துதான் இருந்தது. அந்த ஒரு புள்ளியைத் திருத்தியதும், மாதக்கணக்கில் பியூலாவுக்கு இடித்துக்கொண்டிருந்த ஒரு கணக்கு நேரானது. அப்புறம் பிலிப்பைன்ஸ் தேசத்திலிருந்து மரிட்டெஸ் என்று ஒரு பெண் எழுதினாள். அவளும் வாழை ஆராய்கிறவள். அவள் ஊரிலும் அதே வாடல், அதே சிவப்புக் கோடு. நெடுங்கரையில் ஒன்பது வருஷமாக வெங்காயத் தோலை மட்கவைத்துக் குழியில் போட்டுப் பார்க்கிறீர்களாமே, நானும் அதைத்தான் தொடங்க இருக்கிறேன், முடிவு தெரிந்தால் எனக்கு உதவியாக இருக்கும் என்று கேட்டிருந்தாள்.

இதற்கெல்லாம் நடுவில்தான் ஒண்டிமுத்து காத்திருந்த இலை விரிந்தது. சபேசனின் பழைய நோட்டின் பக்கம். பதினைந்து வருஷத்துக்கு முந்தைய தேதி. இலை அறுக்கிற அகிலா அதைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு சாப்பாட்டுக் கூடத்துக்கு ஓடிவந்தாள். மனோன்மணி எல்லாருக்கும் கேட்கிறமாதிரி படித்தாள்.

"செண்டுமல்லி யோசனை நம் ஒண்டிமுத்து சொன்னது. கூர்மையான ஆள். கட்டுரையில் பெயர் போட வேண்டும்."

சபேசனின் காது சிவந்துபோனது.

"போட்டீங்களா சார்?" என்று மனோன்மணி கேட்டாள், போடவில்லை என்று தெரிந்துகொண்டே.

"மேலிடத்துல, களப்பணியாளர் பேரெல்லாம் போடற வழக்கம் இல்லைன்னு சொல்லிட்டாங்க. நான் விட்டுட்டேன்." அவர் இலையைப் பார்த்தபடியே சொன்னார். "விட்டிருக்கக்கூடாது."

பதில் சொல்ல ஒண்டிமுத்துவுக்குக் கூடத்துக்குள் மரம் ஒன்றும் இல்லை. ஆனால் அந்த இலையை வாங்கி, ஈரத்துணியில் சுற்றி, மூன்று நாள் கையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தார். ஆற்றங்கரை, டீக்கடை, பஸ் நிறுத்தம் என்று பார்க்கிற ஆளிடமெல்லாம் விரித்துக் காட்டினார். முனிசிப் கோர்ட்டுத் தீர்ப்பு மாதிரி அதை வைத்துக்கொண்டு திரிகிறார் என்று மனோன்மணி சொன்னாள்.

நான்காம் நாள், மாசி ஒன்றாம் தேதி காலையில், அவருடைய சொந்தக் கையெழுத்து ஐந்தாம் வயலில் விரிந்தது.

டாக்டர்களின் நோட்டுதான் வரும் என்று அவர் நினைத்திருந்தார். தன்னுடையது நோட்டு என்றே அவருக்குத் தோன்றியதில்லை. கோபத்தை எழுதிவைக்கிற இடம் அது, அவ்வளவுதான். ஒரே நாளில் இருபது இலைகள் வந்தன. கோணலாக, பெரிய பெரிய எழுத்தில். "கிழக்கு வரப்பு மூணாவது மரம் கீழ் எல மஞ்ச. ஓரத்துல ஆரம்பிச்சு உள்ள போவுது. தண்டு அறுத்தேன். செவப்பு."

"மாமா, உங்க கையெழுத்தும் நீங்களும் ஒரே மாதிரி இருக்கீங்க. எல்லாம் வளைஞ்சு விறைச்சுக்கிட்டு" என்றாள் மனோன்மணி. முறைக்கு அவர் அவளுக்கு மாமன்.

மறுபடியும் திருட்டுப்போகப்போகிறது என்று ஒண்டிமுத்து நினைத்தார். ஆனால் சாயங்காலம் பியூலா தேடிக்கொண்டு வந்தாள். கையில் கம்ப்யூட்டர். இருபது இலையையும் அவளே உட்கார்ந்து படியெடுத்திருந்தாள். ஒவ்வொரு வரிக்கு முன்னாலும் அவர் பெயர், தேதி, வயல்.

"அண்ணே, பதினஞ்சு வருஷம் தினமும் பார்த்து எழுதினவங்க இந்த நாட்டுல வேற யாருமே இல்ல. எங்களுக்கு மாசத்துக்கு ஒரு நாள் பார்க்கத்தான் முடியும். இதை ஏத்தட்டுமா? உங்க பேர் இல்லாம ஒரு வரி போகாது."

ஒண்டிமுத்து கம்ப்யூட்டரில் மினுமினுத்த தன் பெயரைப் பார்த்தார். "ஏத்துங்கம்மா" என்றார். அவருக்கே அது வேறு யாரோ சொன்னமாதிரி இருந்தது.

"உங்க தகரப்பெட்டியத் திறந்து வச்சுட்டீங்கன்னா இலையில வர்றது நின்னுடும்ணே. நான் நோட்டைப் பார்த்தே எழுதிக்குவேன்."

"சாவி எங்கயோ வச்சுட்டேன்" என்றார். சாவி அரைஞாண் கயிற்றில் தொங்கிக்கொண்டிருந்தது.

ஏனென்றால் அவள் பேசிக்கொண்டிருந்தபோதே அவருக்கு ஒன்பதாவது நோட்டின் முப்பத்தோராம் பக்கம் நினைவுக்கு வந்துவிட்டது.

அது என்ன பக்கம் என்று சொல்கிறேன். நெடுங்கரையில் படித்தவர்களுக்கு வயல் என்றால் நம்பர். வேலை செய்கிறவர்களுக்கு வயல் என்றால் பெயர். பதினோராம் வயல் என்று டாக்டர் எழுதுவதை, ஒண்டிமுத்துவும் பெண்களும் வேப்பமரத்து வயல் என்பார்கள். பதினேழு என்பது படித்துறை வயல். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் ஐப்பசி வெள்ளம் பண்ணைக்குள் ஏறி இறங்கியபோது நம்பர் பலகைகள் எல்லாம் பிடுங்கிக்கொண்டு மிதந்தன. வெளியூர் கூலியாட்கள் அவற்றைப் பொறுக்கி நட்டபோது, பதினொன்றைப் படித்துறை வயலிலும் பதினேழை வேப்பமரத்து வயலிலும் நட்டுவிட்டார்கள். ஒண்டிமுத்து பார்த்தார். அந்த வாரம்தான் சபேசன், பதினோராம் வயலுக்கு வெங்காயத் தோல் மட்கு போடவேண்டும், பதினேழுக்கு ஒன்றும் போடக்கூடாது, எது பிழைக்கிறது என்று பார்க்கலாம் என்று மரத்திடம் சொல்லிவிட்டுப் போயிருந்தார். ஒண்டிமுத்து ஆட்களைக் கூட்டிக்கொண்டு எப்போதும்போல வேப்பமரத்து வயலில் குழிக்கு இரண்டு கூடை போட்டு மண்ணை மூடினார். வருஷா வருஷம் அங்கேயே போட்டார். சபேசன் மாதம் ஒருமுறை வந்து பலகையைப் பார்த்துச் செத்த மரங்களை எண்ணிக்கொண்டு போனார். ஒன்பது வருஷமாக அவருடைய நோட்டில், வெங்காயம் போட்ட வயல் செத்துக்கொண்டும் போடாத வயல் பிழைத்துக்கொண்டும் இருந்தது. அவர் தலையைச் சொறிந்தார், மண்ணை மாற்றி மாற்றிப் பரிசோதித்தார், ராத்தூக்கம் இல்லாமல் கண்ணுக்குக் கீழே கருத்துப்போனார். ஒண்டிமுத்து அதை எல்லாம் மரங்களுக்கு நடுவிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

முதல் நோட்டிலிருந்து நாளுக்கு இருபது பக்கம் வந்தால், ஒன்பதாவது நோட்டின் முப்பத்தோராம் பக்கம் மாசி பதினெட்டு வெள்ளிக்கிழமை விரியும். விரலை விட்டு இரண்டு தடவை எண்ணினார். மாறவில்லை.

அந்த நாட்களில் பண்ணையில் எல்லாரும் அவரைக் கொண்டாடினார்கள். டீக்கடையில் அவருக்கு முதல் டீ. கொச்சி வாத்தியார் ஒண்டிமுத்து அவர்களுக்கு என்று தனியாக வணக்கம் எழுதினார். சபேசன்கூட ஒருநாள் நின்று, பக்கத்து மரத்திடம், "ரொம்ப நல்லா எழுதியிருக்கார்னு சொல்லு" என்றார். ஒண்டிமுத்து மறுபடியும் விரலை விட்டு நாளை எண்ணினார்.

புதன்கிழமை மேலிடத்திலிருந்து கடிதம் வந்தது. ஒன்பது வருஷம் பார்த்தாயிற்று, வெங்காயத்தால் பலனில்லை, திங்கட்கிழமை இரண்டு வயலையும் வெட்டி வேறு ரகம் நடலாம். சபேசன் எதிர்த்து ஒன்றும் சொல்லவில்லை. பலனில்லை என்பதையும் மறைக்காமல் ஏற்றிவிடு என்று பியூலாவிடம் சொன்னார். முன்பு என்றால் பீரோவில் வைத்துப் பூட்டியிருப்பார். அவள் ஏற்றினாள். அன்றைக்கே மரிட்டெஸ் எழுதிவிட்டாள்: "உங்கள் எண்களைப் பார்த்தேன். நேர்மையாகச் சொன்னதற்கு நன்றி. நானும் வெங்காயத்தை விட்டுவிடுகிறேன்."

பியூலா அதைச் சாப்பாட்டுக் கூடத்தில் படித்துக் காட்டினாள். "நல்லவேளை, நம்மால அவங்களுக்கு ஒன்பது வருஷம் மிச்சம்" என்றாள்.

ஒண்டிமுத்து பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டார்.

வியாழக்கிழமை பகலில், மனோன்மணி தண்ணீர் பிடிக்கப் போன நேரம் பார்த்து, அந்தப் பக்கத்தைக் கிழித்து அவளுடைய விறகு அடுப்பில் போட்டார். எரிந்து சாம்பலாகிறவரை நின்று பார்த்தார். வெள்ளிக்கிழமை விடியற்காலை, வேப்பமரத்து வயலின் நடு வரிசையில் ஒரு குருத்து அவிழ்ந்தது. ஓரமெல்லாம் தீயில் பொசுங்கினமாதிரி பழுப்பாக இருந்தது. நடுவில் எழுத்து தெளிவாக இருந்தது.

"பதினொண்ணும் பதினேழும் பலக மாத்தி நட்டுட்டானுவ. எனக்குத் தெரியும். சொல்ல மாட்டேன். கெடட்டும்."

அரிவாளை வைத்து ஒரே வீச்சில் அறுத்தார். யாரும் பார்க்கவில்லை. ஆட்டுக்குப் போட்டால் முடிந்தது. இலையைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நிமிர்ந்தவர், சுற்றிலும் பார்த்தார். நானூறு ரஸ்தாளி மரங்கள் தார் தள்ளி, ஒரு இலை பழுக்காமல், பனியில் நனைந்து நின்றன. தொட்டியத்தில் ஒரு தோப்பிலும் இப்படி ரஸ்தாளி நின்று வருஷங்கள் ஆயிற்று. கெடட்டும் என்று எழுதியது டாக்டரை. ஆனால் திங்கட்கிழமை அரிவாள் விழப்போவது டாக்டரின் கழுத்தில் இல்லை.

ஒருமணிக்கு சபேசன் சாப்பிட வந்து உட்கார்ந்தார். மனோன்மணி இலையோடு வருவதற்குள் ஒண்டிமுத்து குறுக்கே வந்தார். கக்கத்தில் இருந்ததை எடுத்து விரித்து, பொசுங்கின ஓரத்தைத் தடவிவிட்டு, சொம்பிலிருந்து தண்ணீர் தெளித்துத் துடைத்தார். பதினைந்து வருஷத்துக்குப் பிறகு சபேசனின் முகத்தை நேராகப் பார்த்தார்.

"படிங்க சார்" என்றார். "படிச்சிட்டுச் சாப்பிடுங்க. இல்ல, சாப்பிடாம என்னை அடிங்க."

சபேசன் படித்தார். இன்னொரு தடவை படித்தார். கையை இலையின்மேல் வைத்துக்கொண்டார்.

"ஒன்பது வருஷம்யா" என்றார் கடைசியில். குரல் கீழே கிடந்தது. "என் பொண்ணு கல்யாணத்தன்னைக்குக்கூட மண்ணு எடுக்க வந்தேன். நீ பார்த்துக்கிட்டு நின்ன."

"நின்னேன் சார்."

"ஒரு வார்த்தை."

"என் கை ரெண்டையும் நீங்க வச்சுக்கிட்டீங்க. வாயை நான் வச்சுக்கிட்டேன்." சொல்லிவிட்டு ஒண்டிமுத்து தலையைக் குனிந்தார். "அதுல உங்களைத்தான் கெடுக்கறேன்னு நினைச்சேன். ஊர்த் தோப்பு எல்லாம் கெட்டுப்போச்சு. அது எனக்கு உறைக்கல."

இதற்குள் பியூலா இலையை எட்டிப் பார்த்துவிட்டிருந்தாள். மேசையிலிருந்த சபேசனின் அட்டவணையை இழுத்து, பதினொன்றை அடித்துப் பதினேழு என்றும், பதினேழை அடித்துப் பதினொன்று என்றும் எழுதினாள். அப்புறம் உட்கார்ந்துவிட்டாள்.

"சார். வெங்காயம் போட்ட வயல்ல நூத்துக்கு நாலு மரம்தான் செத்திருக்கு. போடாததுல நூத்துக்கு அறுபது. என் பரிசோதனையில, ஒண்ணும் போடாத மண்ணுல பூஞ்சையைத் தின்கிற கிருமி இவ்வளவு எப்படி வந்துச்சுன்னு ஒரு வருஷமா மண்டையை உடைச்சுக்கிட்டிருந்தேன். அது போட்ட மண்ணு சார். நீங்க தோக்கல. ஒன்பது வருஷமா ஜெயிச்சுக்கிட்டே இருந்திருக்கீங்க."

சபேசன் அந்தத் தாளை வாங்கிப் பார்த்தார். அவர் முகத்தில் கோபம் இருந்தது, அது போகவில்லை. ஆனால் அதற்கு மேலே வேறொன்று, குருத்து அவிழ்கிறமாதிரி, கொஞ்சம் கொஞ்சமாக விரிந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"மனோன்மணி, சோறு போடு" என்றார். "இவருக்கும் இங்கயே போடு. எதிர்ல."

"இலை வேற கொண்டாரட்டுமா சார்?"

"வேண்டாம். இதுலயே போடு. எழுத்து மேல படாம ஓரமாப் போடு."

சாப்பிடும்போதே கட்டுரையை என்ன எழுதுவது என்று முடிவாயிற்று. பலகை மாறியதை எழுத வேண்டும் என்றார் சபேசன். களப்பணியாளர் ஒண்டிமுத்துவுக்கு அது தெரியும், சொல்லவில்லை என்பதையும் எழுத வேண்டும். ஏன் சொல்லவில்லை என்று படிக்கிறவன் கேட்பான். ஆகையால் பதினேழு வருஷத்துக்கு முன்னால் செண்டுமல்லியைக் கண்டுபிடித்தது அவர், பெயரை விட்டது சபேசன் என்பதையும் எழுத வேண்டும்.

"இதெல்லாமுமா போடணும் சார்?" என்றார் ஒண்டிமுத்து. "பேர் வரணும்னு பதினஞ்சு வருஷம் கிடந்தேன். இப்படியா வரணும்?"

"ரெண்டு பேரோடதும்தான் வருது. எனக்கு மட்டும் மணக்குமா?"

"விடுங்க மாமா, பேர் வந்துச்சில்ல" என்றாள் மனோன்மணி. "ஜாதகத்துல ராகுவும்தான் இருக்கும்."

திங்கட்கிழமை வெட்டு நின்றது. மேலிடத்திலிருந்து இரண்டு பேர் வந்து, வேப்பமரத்து வயலையும் படித்துறை வயலையும் நடந்து பார்த்துவிட்டு, நாற்பது தார் ரஸ்தாளியோடு திரும்பிப் போனார்கள். ஒண்டிமுத்து தகரப்பெட்டியைத் தலையில் சுமந்துகொண்டுபோய் ஊறுகாய் ஜாடிக்குப் பக்கத்தில் வைத்துத் திறந்துவிட்டார். சபேசன் பீரோவின் கதவையே கழற்றிவிட்டார். மறுநாளிலிருந்து நெடுங்கரையில் இலைகள் வெறும் பச்சையாக விரிந்தன. திருச்சி ஓட்டல்களில் சில நாள், படிக்க ஒன்றுமில்லை என்று வாடிக்கையாளர்கள் குறைப்பட்டார்கள். அப்புறம் பழையபடி சாம்பாரைக் குறை சொல்லத் தொடங்கினார்கள்.

தொட்டியத்துத் தோப்புக்காரர்கள் வண்டி கட்டிக்கொண்டு வந்து, பியூலா அச்சடித்துக் கொடுத்த ஒற்றைத் தாளை வாங்கிப்போனார்கள். துறையூர்ச் சந்தையில் குப்பையில் கொட்டுகிற வெங்காயத் தோலுக்கு ஆள் போட்டிபோட்டு நின்றார்கள். ஆடியில் ரஸ்தாளிக் கன்று தேடி ஜனங்கள் அலைவார்கள் என்று ரஹமத்துல்லா இப்போதே சொல்கிறார்.

பங்குனியில் ஒருநாள், ஓய்வுபெற ஒரு மாதம் இருக்கும்போது, பியூலா கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு வயலுக்கே வந்தாள். பின்னால் சபேசன். பிலிப்பைன்ஸிலிருந்து மரிட்டெஸ் எழுதியிருந்தாள். பியூலா நின்றபடியே தமிழில் சொன்னாள்.

"வெங்காயத்தைத் திரும்பத் தொடங்கிவிட்டேன். ஆனால் நீங்கள் ஏற்றிய கட்டுரையில் எனக்கு எண்களைவிட உதவியது பலகை பற்றிய அந்த ஒரு வரி. படித்துவிட்டு எங்கள் தோட்டத்தில் போய்ப் பார்த்தேன். எங்களுக்கும் வெள்ளம் வரும். மூன்று பலகைகள் மாறியிருந்தன. அந்த வரியை எழுத ஒரு மனிதருக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். திரு. ஒண்டிமுத்து அவர்களுக்கு என் நன்றி."

ஒண்டிமுத்து மண்வெட்டியை வரப்பில் ஊன்றினார்.

"அந்தம்மாவுக்கு ஒண்ணு எழுதுங்க" என்றார். "பலகைய நம்ப வேணாம். வேலை செய்யற பொம்பளைங்களைக் கூப்பிட்டு, அந்த வயலுக்கெல்லாம் அவங்க என்ன பேர் சொல்றாங்கன்னு கேட்டு எழுதி வச்சுக்கச் சொல்லுங்க. அது எந்த வெள்ளத்துலயும் மாறாது."

பியூலா அங்கேயே வரப்பில் உட்கார்ந்து எழுதி அனுப்பினாள். நான்கு நாளில் பதில் வந்தது.

"கேட்டேன். பன்னிரண்டு வருஷமாக நான் ஆறாம் நம்பர் என்று எழுதுகிற வயலுக்கு, அவர்கள் 'கைவிட்ட கிணற்று வயல்' என்று சொல்கிறார்கள். அங்கே கிணறு இருந்ததே எனக்குத் தெரியாது. எங்கள் தோட்டத்தில் முதலில் வாடல் வந்தது அந்த வயலில்தான்."

ஒண்டிமுத்து சபேசனைப் பார்த்தார். சபேசன் ஒண்டிமுத்துவைப் பார்த்தார். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் வாயைத் திறந்தார்கள். சபேசன் நிறுத்திக்கொண்டு, நீயே சொல்லு என்பதுபோலக் கையைக் காட்டினார்.

"கிணத்தை ஏன் கைவிட்டாங்கன்னு கேளுங்கம்மா" என்றார் ஒண்டிமுத்து.